பொழுது விடியாத ஜூன் 22

எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் தாள் கிழிக்கும் உரிமை ஆயாவுக்கு மட்டும்தான். விடிய வேண்டும், வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிய வேண்டும், முதல் டீ உள்ளே போக வேண்டும். அப்புறம்தான் மளிகைக்கடைக்காரர் கொடுத்த அந்த முருகன் படக் காலண்டர் பக்கம் போவாள். அதற்குமுன் வேறு யாராவது கை வைத்தால் அன்றைக்கு வீட்டில் பஞ்சாயத்து.

1986 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. நைனாவுக்கு மில் லீவு. எனக்குப் பத்து வயது. வியாசர்பாடியில் எங்கள் தெருவில் அப்போது இரண்டே டிவி. அதில் ஒன்று நாலு வீடு தள்ளியிருந்த ரயில்வேக்காரர் வீட்டு டயனோரா, கறுப்பு வெள்ளை. ராத்திரி பதினொன்றரைக்கு அதைத் தூக்கி ஜன்னலில் வைத்தார். தெருவே தரையில் குந்திவிட்டது. மெக்சிகோவில் அப்போது உச்சிவெயில், மணி பன்னிரண்டு. உலகக் கோப்பை காலிறுதி, அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும். அஸ்டெகா மைதானத்தில் 1,14,580 பேர். எங்கள் தெருவில் ஒரு எண்பது பேர் இருந்திருப்போம், இரண்டு ஆட்டுக்குட்டி சேர்க்காமல்.

மாரடோனாவின் இரண்டு கோலும் 51, 55-வது நிமிடங்களில் விழுந்தன. இடைவேளையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மெட்ராஸில் மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. அதாவது தேதி 23. உலகமே ஜூன் 22 என்று கொண்டாடும் கோல்கள் எங்கள் தெருவில் 23-ஆம் தேதிதான் விழுந்தன. மறுநாள் காலையில் இதைப் பெரிய கண்டுபிடிப்பாக ஆயாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அப்போதுதான் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

“பொயுது விடியாம நாளு எப்டிடா மாறும்? நான் கியிக்கிற வரிக்கும் அது இருவத்திரெண்டுதான்.”

பஞ்சாங்கமும் அதைத்தான் சொல்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. சூரிய உதயத்தில்தான் நாள் பிறக்கும். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஆயாவின் கணக்குதான்.

அந்த முதல் கோல். இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் பந்தை வெளியே அடிக்கப்போய் அது தன் கோல் பக்கமே மேலே எழும்புகிறது. கோலி பீட்டர் ஷில்டன் ஆறடிக்கு மேல். மாரடோனா ஐந்தரை அடிகூட இல்லை. குள்ளன் ஜெயித்தான். எங்கள் கறுப்பு வெள்ளைத் திரையில் ஏற்கெனவே மழை பெய்கிற மாதிரிதான் படம் தெரியும். தலையால் முட்டினான் என்றே எல்லோரும் குதித்தோம். நைனா மட்டும் குதிக்கவில்லை. மில் டீமில் ஹாஃப் ஆடியவர் அவர்.

“கை. கைதான் அது.”

“ரெஃப்ரி பாக்கலன்னா அது கை இல்ல நைனா,” என்றார் ரயில்வேக்காரர். நைனா அதற்குமேல் பேசவில்லை. துனீசியாவின் ரெஃப்ரி அலி பின் நாசரும் பார்க்கவில்லை, பல்கேரிய லைன்ஸ்மேனும் கொடி தூக்கவில்லை. கொஞ்சம் என் தலை, கொஞ்சம் கடவுளின் கை என்று மாரடோனா பிறகு சொன்னதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனிடம் அர்ஜென்டினா தோற்ற ஃபாக்லாந்து யுத்தம் முடிந்து நாலே வருஷம். அர்ஜென்டினாக்காரனுக்கு அந்தக் கையில் ஒரு நியாயம் இருந்திருக்கும். எனக்கு இன்றைக்கும் அது கைதான்.

இரண்டாவது கோலைப் பற்றி எழுதாதவன் கிடையாது. நான் பிற்பாடு ஸ்டாப்பர் பேக்காக, கோலுக்கு முன்னால் நின்று எதிராளியைத் தடுப்பவனாக, ஆடியவன் என்பதால் எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. எல்லோரும் மாரடோனாவின் காலைப் பார்ப்பார்கள். நான் அவருக்குப் பின்னால் விழுந்து கிடப்பவர்களைப் பார்ப்பேன். ஹெக்டர் என்ரிக்கே தன் பாதியிலேயே ஒரு சாதா பாஸ் கொடுக்கிறார். அப்படியொரு பாஸ் கொடுத்தால் கோல் விழாமல் இருக்குமா என்று பிற்பாடு அவரே கிண்டலடித்துக்கொண்டார். பியர்ட்ஸ்லி, ரீட் இருவரும் தாண்டப்படுகிறார்கள். புட்சர் நீட்டுகிறார், கிடைக்கவில்லை. அடுத்து ஃபென்விக். இங்கேதான் ஒரு விஷயம். ஃபென்விக் ஒன்பதாவது நிமிடத்திலேயே மஞ்சள் அட்டை வாங்கியவர். இன்னொன்று வாங்கினால் வெளியே. அந்த இடத்தில் எந்த ஸ்டாப்பரும் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டிருப்பான். நான் இழுத்திருப்பேன். அவர் அரை மனசாய்க் கையை நீட்டி எடுத்துக்கொள்கிறார். கடைசியில் புட்சர் உயிரைக் கொடுத்துத் துரத்திவந்து மறுபடி சறுக்குகிறார், மறுபடி பந்து இல்லை. ஒரே ஓட்டத்தில் இரண்டு முறை ஏமாந்து, அதை நாற்பது வருஷமாக உலகமே திரும்பத் திரும்பப் பார்ப்பது என்றால் எப்படி இருக்கும்? மொத்தம் பத்துப் பதினோரு விநாடி.

அந்த நேரத்தில் அர்ஜென்டினா ரேடியோவுக்குக் கத்திக்கொண்டிருந்தவர் உருகுவேக்காரர் விக்டர் ஊகோ மொராலெஸ். அழுதுகொண்டே மாரடோனாவை ‘பிரபஞ்சக் காத்தாடி’ என்றார், எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய் என்று கேட்டார். இதை முதன்முதலில் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பேட்டையில் மாஞ்சா போட்டுக் காத்தாடி விட்டு, டீல் போட்டு அறுத்துக்கொண்டு ஓடிய யாருக்கும் விளக்கமே வேண்டாம். அறுந்த காத்தாடி எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. பின்னால் ஓடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

சட்டை கதையையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அர்ஜென்டினா நீலம் போட வேண்டும். இருந்த நீலச் சட்டை கனம் அதிகம், மெக்சிகோ வெயிலுக்கு ஆகாது என்று கோச் பிலார்டோ அடம்பிடித்தார். ஆளை அனுப்பி மெக்சிகோ சிட்டியில் ஒரு கடையில் சட்டை வாங்கி, அவசர அவசரமாக முத்திரையைத் தைத்து, பளபள எண்களை இஸ்திரி போட்டு ஒட்டினார்கள். பெரியமேட்டில் பதினோரு ஜெர்சி பேரம் பேசி வாங்கி, நம்பரைத் தேய்த்து ஒட்டி, முதல் மேட்சிலேயே ‘8’ உரிந்து ‘3’ ஆன டீமில் ஆடியவன் நான். அந்தக் கடைச் சட்டையை ஆட்டம் முடிந்ததும் மாரடோனாவிடம் மாற்றிக்கொண்டவர் வேறு யாருமில்லை, பந்தைத் தூக்கிக் கொடுத்த அதே ஹாட்ஜ். 2022-ல் அது ஏலத்தில் 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. பந்தை ரெஃப்ரி வைத்திருந்தார். அதே வருஷம் அவரும் அதை 20 லட்சம் பவுண்டுக்கு விற்றார். பார்க்காமல் விட்டதற்கும் ஒரு விலை கிடைத்தது என்று நைனா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

ஜூன் 22-க்கு வேறு கதைகளும் உண்டு. 1974-ல் இதே தேதியில் ஹாம்பர்கில் கிழக்கு ஜெர்மனி மேற்கு ஜெர்மனியை 1-0 என்று சாய்த்தது. உலகக் கோப்பையில் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நின்ற ஒரே ஆட்டம் அது. கோல் போட்ட ஸ்பார்வாஸர், தன் கல்லறையில் ‘ஹாம்பர்க் 74’ என்று மட்டும் எழுதினால் போதும், உள்ளே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றார். அவரே 1988-ல் மேற்குப் பக்கம் ஓடிவந்துவிட்டார் என்பது இன்னொரு கதை. தோற்ற மேற்கு ஜெர்மனிதான் அந்தக் கோப்பையையும் தூக்கியது.

ஸ்பெயின்காரர்களுக்கோ இந்தத் தேதியே ஆகாது. 1986 ஜூன் 22-ல் பெல்ஜியத்திடம் பெனால்டியில் தோற்றார்கள். 1996 ஜூன் 22-ல், ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையில் இங்கிலாந்திடம், அதுவும் பெனால்டியில். 2002 ஜூன் 22-ல் தென்கொரியாவிடம், மறுபடி பெனால்டி. மூன்றும் காலிறுதி. கொரியா மேட்ச் நம் நேரப்படி சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு ஆரம்பித்தது. மோரியன்டெஸ் முட்டிய பந்து உள்ளே போயும், அதற்குமுன் பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று லைன்ஸ்மேன் கொடி தூக்கிவிட்டார். தாண்டவே இல்லை என்று ரீப்ளேயில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டி வரும்போது மணி இரண்டரை. சனிக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை எமகண்டம். காலண்டர் தாளிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், ஸ்பெயினில் ஒருத்தரும் பார்க்கவில்லை. 2008-ல் வியன்னாவில் மறுபடி ஜூன் 22, மறுபடி காலிறுதி, மறுபடி பெனால்டி, எதிரே இத்தாலி. அன்றைக்கு கசியாஸ் இரண்டைப் பிடித்தார், ஃபாப்ரிகாஸ் கடைசியை உள்ளே போட்டார். தோஷம் கழிந்தது. அந்த யூரோ, அடுத்த உலகக் கோப்பை, அதற்கடுத்த யூரோ என்று வரிசையாக அள்ளிக்கொண்டு போனார்கள்.

இதில் 1996 எனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டம், ஸ்பெயினுக்காக அல்ல, ஸ்டூவர்ட் பியர்ஸுக்காக. லெஃப்ட் பேக். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் பெனால்டியைக் கோலியின் காலிலேயே அடித்து, இங்கிலாந்து வெளியேறியதற்குக் காரணமானவர்களில் ஒருவர். ஆறு வருஷம் அதைச் சுமந்தார். வெம்ப்ளியில் மறுபடி பெனால்டி என்றபோது யாரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள். அவராகவே போனார். அடித்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து ஒரு கத்தல். கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கி, சாமி வந்த மாதிரி. அதைப் பார்த்தபோது நான் இன்னும் என் தப்பைச் செய்திருக்கவில்லை. இப்போது பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

இவ்வளவு நேரம் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது 1994.

கலிபோர்னியாவில் ஜூன் 22 சாயங்காலம் நாலரை. நமக்கு விடியற்காலை ஐந்து. அமெரிக்காவும் கொலம்பியாவும். முந்தைய செப்டம்பரில் அர்ஜென்டினாவை அவர்கள் மண்ணிலேயே 5-0 என்று அடித்த டீம் கொலம்பியா. கோப்பை இவர்களுக்குத்தான் என்று பெலேயே சொன்ன டீம். முதல் ஆட்டத்தில் ருமேனியாவிடம் தோற்றிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஓட்டலுக்கே கொலை மிரட்டல் வந்தது. ஒரு ஆட்டக்காரரை இறக்கினால் குடும்பத்தோடு தீர்த்துவிடுவோம் என்று மிரட்டி, அவரை வெளியே உட்கார வைத்தார்கள். அந்த மனநிலையில்தான் பதினோரு பேரும் இறங்கினார்கள்.

ஸ்டாப்பர், நம்பர் 2, ஆந்த்ரேஸ் எஸ்கோபர், வயது 27. மெடலின் ஊர்க்காரர். ஊரில் அவரை ‘கால்பந்தின் கனவான்’ என்பார்கள். 35-வது நிமிடத்தில் இடது பக்கமிருந்து ஜான் ஹார்க்ஸ் தாழ்வாக ஒரு கிராஸ் போடுகிறார். கோலி கோர்டோபா அந்தப் பந்துக்காக ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். எஸ்கோபர் சறுக்கிக் காலை நீட்டுகிறார்.

ஸ்டாப்பர் ஆடாதவர்கள் கேட்பார்கள், ஏன் நீட்ட வேண்டும், விட்டுவிட வேண்டியதுதானே என்று. விட முடியாது. முகம் உங்கள் கோலைப் பார்த்திருக்கிறது, ஓடும் வேகமும் அந்தப் பக்கம். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறான் என்று திரும்பிப் பார்க்க நேரமில்லை, ஆனால் யாராவது வருவான். விட்டால் அவன் தட்டுவான், அப்போது தப்பு உன்னுடையது. நீட்டினால் பாதத்தின் எந்த ஓரத்தில் படும் என்பது உன் கையில் இல்லை. நீட்டுவதுதான் உன் வேலை. எஸ்கோபர் தன் வேலையைச் செய்தார். பந்து உள்ளே போனது. அவர் புல்லில் மல்லாந்து, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு ஒரு கணம் கிடந்தார்.

மெட்ராஸில் பொழுது விடிய இன்னும் சில நிமிடம் இருந்தது. ஆயாவின் கணக்கில் அதுவும் ஜூன் 22-தான்.

கொலம்பியா 2-1 என்று தோற்றது, முதல் சுற்றோடு உலகக் கோப்பையை விட்டே வெளியேறியது. எஸ்கோபர் ஊருக்குத் திரும்பினார். வாழ்க்கை இதோடு முடிந்துவிடவில்லை என்று பத்திரிகையில் எழுதினார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஜூலை 2 விடியற்காலை, மெடலினில் ஒரு கேளிக்கை விடுதியின் வண்டி நிறுத்துமிடத்தில், அந்தக் கோலைச் சொல்லி வம்புக்கு இழுத்தவர்களோடு வாக்குவாதம். ஆறு குண்டு. சுட்டவனுக்கு 43 வருஷத் தண்டனை விதித்து, பிறகு குறைத்து, பதினோரு வருஷத்தில் வெளியே விட்டார்கள்.

செய்தியை எருக்கஞ்சேரி ஹைரோட்டில் டீக்கடைப் பேப்பரில் படித்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு. ஏரியா டீமுக்கு ஸ்டாப்பர். அன்றைக்குக் கிரவுண்டுக்குப் போனோம், ஆடினோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பையன் மட்டும் பந்து வந்தபோது காலை நீட்டாமல் நின்றான்.

1997-ல் என் முறை வந்தது. முல்லை நகர் மைதானத்தில் ஒரு செவன்ஸ் டோர்னமென்ட், ஃபைனல். எதிரே புளியந்தோப்புப் பையன்கள். 1-1. வலது பக்கமிருந்து ஒரு கிராஸ், தாழ்வாக. நான் நீட்டினேன். ஷூவின் முனையில் பட்டு, எங்கள் கோலியின் இடுப்புக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் அழகாகப் போய் விழுந்தது. அவ்வளவு அழகாக எதிரி கோலில் நான் ஒரு தடவைகூட அடித்ததில்லை.

என்னை யாரும் அடிக்கவில்லை. தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்கள். ஆனால் அன்று ராத்திரியே எனக்குப் பேர் வைத்தாகிவிட்டது: சேம்சைடு. ரேஷன் கடையில் சேம்சைடு. பால் பூத்தில் சேம்சைடு அண்ணே. 2004-ல் என் கல்யாணத்துக்கு நண்பர்கள் வைத்த பேனரில் என் பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கொட்டை எழுத்தில் ‘சேம்சைடு’. பெண் வீட்டார், மாப்பிள்ளை படித்து வாங்கிய பட்டம் என்று நினைத்துவிட்டார்கள். மாமனார் மெதுவாக வந்து, “அது எந்தக் காலேஜுங்க தம்பி?” என்று கேட்டார்.

பேப்பர்காரர்கள் வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று எழுதுவார்கள். உலகக் கோப்பை வந்தால் சுவரெல்லாம் மஞ்சளும் பச்சையும்தான். எங்கள் தனபால் கணேஷ் 2018 மார்ச்சில் ஐஎஸ்எல் அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகத் தலையால் ஒரு கோல் போட்டார், சென்னையின் எஃப்சி கோப்பையையும் தூக்கியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் ரஷ்யா உலகக் கோப்பை. ஜூன் 22 வெள்ளிக்கிழமை, நம் நேரம் சாயங்காலம் ஐந்தரை, பிரேசிலும் கோஸ்டாரிகாவும். தெருமுனையில் திரை கட்டியிருந்தோம். 90 நிமிடம் வரை கோல் இல்லை. நெய்மருக்குக் கொடுத்த பெனால்டியையும் ரெஃப்ரி டிவியில் பார்த்துத் திரும்ப வாங்கிவிட்டார். அந்த வசதி 1986-ல் இருந்திருந்தால் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. திரை கறுத்தது. இருட்டில் எல்லோரும் ஒரே குரலில் வைதோம். அப்போது, கரண்ட் இருந்த அடுத்த தெருவிலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. கூட்டினோ. 91-வது நிமிடம். நாங்கள் பார்க்காத கோலுக்கு ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு குதித்தோம். கரண்ட் வந்தபோது நெய்மர் இரண்டாவதையும் போட்டு முடித்து, மைதானத்தில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். என் பையன் மஞ்சள் ஜெர்சியோடு அவருடன் சேர்ந்து அழுதான்.

1997-ல் எதிர் டீமுக்குக் கேப்டனாக இருந்தவன் இப்போது என் சிநேகிதன். ஆட்டோ ஓட்டுகிறான். ஜூன் 22 வந்தால் நான் வாயைத் திறக்குமுன் அவனே போன் பண்ணுவான். என் தேதியை அவனும் எடுத்துக்கொண்டான். டீ அவன் செலவு. “உன்னாலதாண்டா மச்சி கப்பு எங்க வூட்ல இருக்குது,” என்பான், ஒவ்வொரு வருஷமும், புதிதாகச் சொல்கிற மாதிரி.

இத்தனை வருஷத்தில் அந்தக் கப்பை நான் பார்த்ததில்லை. போன தடவைதான் கேட்டேன். கூட்டிக்கொண்டு போனான். டிவி ஸ்டாண்டில், ரிமோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. தங்க முலாம் போய்த் தகரம் தெரிந்தது. ஒரு காது இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன்: ரப்பர் பேண்டு, ஊக்கு, ஒரு கேஸ் ரசீது, கொஞ்சம் சில்லறை.

அவன் விரலை விட்டுத் துழாவி இரண்டு பத்து ரூபாய்க் காசை எடுத்தான். “வா, டீ குடிக்கலாம்,” என்றான்.